பாதி மீசையும் குளியல் தொட்டித் தண்ணீரும்

பிள்ளைகளே,

தேர்தல் முடிவு வந்த இரவு ட்ரிம்மர் பழுது என்று சொன்னேன். அது பழுதில்லை. நீங்கள் வீடெல்லாம் தேடிய நேரம் அது என் சட்டைப் பையில் இருந்தது. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் ஏன் என்று சின்னவன் கேட்டதற்கு, குழாய் ஒழுகுது, அதுதான் பிடித்து வைத்தேன் என்றேன். குழாயும் ஒழுகவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வேலையால் வந்தால் முதலில் காலைத் தூக்கி வைக்க இடம் தேடுகிற ஆள். நீங்கள் வீட்டில் நிற்கும் நேரம் எனக்கு வேலை, நான் நிற்கும் நேரம் உங்களுக்கு வகுப்பு. தப்பித் தவறி ஒரு ஞாயிறு அகப்பட்டு, "அப்ப எனக்குச் சின்ன வயசு" என்று நான் தொடங்கவே சின்னவன், "அப்பா, ஷோர்ட்டாச் சொல்லுங்கோ" என்பான். இது ஷோர்ட்டாக வராது. அதனால் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். சின்னவனுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. மூத்தவள் வாசித்துக் காட்டட்டும்.

அன்றைக்கு டவுன்டவுனில் எங்கள் உணவகத்தில் ஆளே இல்லை. ஊர் முழுக்க டிவிக்கு முன்னால். சமையலறையில் கழுவக் கோப்பை இல்லாமல் நின்ற எங்களை முதலாளி வேளைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மெட்ரோவால் ஏறி வந்தபோது, மூலையிலிருக்கும் டெப்பனர் கடைக்குள் என் கால் தானாகப் போனது. இரண்டு பாண், பால், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, டோர்ச்சுக்கு பற்றரி. கடைக்காரர் பையில் போட்டுக்கொண்டே பிரெஞ்சில், "என்ன முசியூ, பனிப்புயல் வருகுதா?" என்று கேட்டார். "இல்லை, தேர்தல்," என்றேன். பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வெளிப்படியேறிக் கதவைத் திறந்தால் வாசலில் சப்பாத்து மலை. உள்ளே மூத்தவளின் கூட்டாளிகள் நிலத்தில், கதிரையில், கதிரைக் கையில் என்று ஏறியிருந்தார்கள். அவர்களோடு பின்னேரம் பின்னேரமாக எங்கள் பகுதி வில்லரே முழுக்கக் கதவு தட்டித் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள் நீ. அந்த பிரெஞ்சுப் பிள்ளை உங்கள் அம்மாவின் றோல்ஸை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடிவாகத் தாடி வளர்த்த ஹெயிட்டிப் பெடியன் எழும்பி, "வணக்கம் அங்கிள்" என்றான். நீ பழக்கியிருப்பாய்.

"அப்பா, கெதியா வாங்கோ. எங்கட தொகுதி இன்னும் வரேல்லை," என்றாய்.

"கையைக் கழுவிப்போட்டு இருங்கோவன்," என்றார் உங்கள் அம்மா.

கை கழுவத்தான் போனேன். கழுவிவிட்டு, தொட்டியின் மூடியை அடைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று அப்போது எனக்கே யோசனையில்லை.

தொட்டி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு உங்களோடு வந்திருந்து பார்த்தேன். டிவியில் கனடா வரைபடம் பெட்டி பெட்டியாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. நீங்கள் கதவு தட்டி வாக்குக் கேட்ட வேட்பாளர், அந்த இளம் பெண், முதலில் பின்னுக்கு நின்றார். நீ நகத்தைக் கடித்தாய். பிரெஞ்சுப் பிள்ளை சீலையால் முகத்தை மூடுவதுபோலக் குஷனால் மூடினாள். அந்த நேரம்தான் நான் இரண்டாவது றோல்ஸை எடுத்தேன். நல்ல உறைப்பு. ருசித்துச் சாப்பிட்டேன். அதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மகளே, இப்போது சொல்கிறேன். உன் ஆள் தோற்க வேண்டுமென்று நான் நேர்ந்துகொண்டிருந்தேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானும் அவருக்குத்தான் வாக்குப் போட்டேன். ஆனால், "அவ வெண்டால் நான் ஒட்டாவா, அப்பா. அவவின்ர ஒபிசிலை வேலை. தோத்தால் இஞ்சைதான்," என்று நீ மாரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். தோற்றால் நீ இங்கேதான். எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. ஒட்டாவா இரண்டு மணி நேர பஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிறகு நிலைமை மாறியது. பெட்டிகள் எண்ண எண்ண உங்கள் ஆள் முன்னுக்கு வந்தார். டிவிக்காரர் பெயரைச் சொல்லி, படத்துக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டதும் வீடு அதிர்ந்தது. நீங்கள் எல்லாரும் துள்ளினீர்கள். கீழ்வீட்டு கிரேக்கக் கிழவி தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். அதற்கும் சேர்த்துச் சிரித்தீர்கள். அதற்குள் பிரெஞ்சுப் பிள்ளை ஹெயிட்டிப் பெடியனின் தாடியைப் பிடித்துவிட்டாள். உங்கள் ஆள் வெல்லமாட்டார், வென்றால் பாதித் தாடியை எடுப்பேன் என்று அவன் பந்தயம் கட்டியிருந்தானாம். அந்தப் பந்தயம் எனக்கு அதுவரை தெரியாது.

"அப்பா! உங்கட ட்ரிம்மர் எங்கை?" என்று கத்தினாய்.

நான் உங்களுக்கு முன்னால் குளியலறைக்குள் போய் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "அது பழுது" என்றேன். பிறகு சின்னவன் போய்த் தேடியபோதுதான் தொட்டித் தண்ணீரைக் கண்டது.

எல்லாரும் போனபின் நடையில் வைத்து நீ சொன்னாய்: "எங்கட ஆள் வெண்டிருக்கிறா, அப்பா. நீங்கள் ஒருக்கால் கை தட்டினா என்ன குறைஞ்சு போவீங்களோ? ஒரு ட்ரிம்மர் தரக்கூட உங்களுக்கு மனமில்லை."

"விடு பிள்ளை, அப்பாக்குக் களைப்பு," என்றார் அம்மா.

களைப்புத்தான். ஆனால் அந்தக் களைப்பு வேலைக் களைப்பு இல்லை.

ஊரில் நான் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் படித்த காலம். ஆடி மாதம். வெயிலுக்கு றோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். அந்தத் தாரிலேயே வெள்ளைச் சுண்ணாம்பால் தேர்தல் சின்னம் கீறியிருப்பார்கள். மதிலெல்லாம் பசை மணம். ஒலிபெருக்கி கட்டிய கார் ஒழுங்கைக்குள் வந்தால் நாங்கள் பின்னால் ஓடுவோம். அதிலிருந்து எறியும் நோட்டீஸ் பொறுக்கி வந்து பட்டத்துக்கு வால் ஒட்டுவோம். யாருடைய நோட்டீஸ் என்ற கவலை எங்களுக்கில்லை.

வாக்குப் போடவென்று என் மாமா ஊருக்கு வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தெற்கே கடற்கரைப் பட்டினம் ஒன்றில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் சிங்கள ஊர்களில் அப்படிக் கடை வைத்திருந்தார்கள். சுருட்டு, வெற்றிலை, பனங்கட்டி, நல்லெண்ணெய் எல்லாம் விற்பார்கள். மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அங்கே அவரை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருடைய மீசை பெரிய மீசை. இரண்டு நுனியும் கன்னத்தில் ஏறி நிற்கும். பட்டினத்தில் வழி கேட்பவருக்கே, "மீசை முதலாளியின் கடையடியால் திரும்பு" என்றுதான் சொல்வார்களாம்.

அந்த முறை அவர் ஒரு றேடியோவும் கொண்டு வந்தார். தோல் உறை போட்டது. மெயில் ரயிலில் குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கடைக்குள்ளேயே கிடந்து, அந்த உறைக்குச் சுருட்டு மணம் ஏறியிருந்தது. திறந்தால் செய்தியோடு சேர்ந்து புகையிலை மணமும் வரும். இன்றைக்கும் ஆராவது செய்தி வாசிக்கிற குரல் கேட்டால் எனக்கு அந்த மணம் வருகிறது. உங்கள் போனில் கேட்டாலும்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணை. கொழும்பில் கந்தோர் ஒன்றில் வேலை. அதனால் அவரைக் கந்தோர் அண்ணை என்போம். அவரும் லீவு எடுத்து வாக்குப் போட வந்திருந்தார். மாமா தமிழ்க் கட்சி. அண்ணை சிவப்புக் கட்சி. அவருக்கும் மீசை இருந்தது. மாமாவின் மீசைக்கு முன்னால் அது சும்மா ஒரு கோடு. இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று காலையிலேயே தொடங்கிவிடுவார்கள்.

"தம்பி, உன்ரை ஆளுக்கு இந்த முறை கட்டுக்காசும் மிஞ்சாதடா," என்பார் மாமா.

கட்டுக்காசு என்றால், தேர்தலில் நிற்பவர் முதலில் கட்டி வைக்கிற காசு. ஆகக் குறைந்த வாக்கு எடுத்தால் அது போய்விடும். தோற்பதைவிட அதுதான் பெரிய வெட்கம்.

"வெல்லுறது வேறை அண்ணை. கட்டுக்காசை எண்டால் ஒருத்தரும் அசைக்கேலாது."

"பந்தயமோ?"

"பந்தயம்."

"மீசையைக் கட்டுவியோ?"

கந்தோர் அண்ணை தன் கோட்டு மீசையைத் தடவிப் பார்த்தார். வேலியோடு நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "கட்டுறன்," என்றார்.

எங்கள் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் மீசைப் பந்தயம் நடக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. தோற்றவர் சந்திச் சலூனில், ஆட்கள் பார்க்க, பாதி மீசையை வழிக்க வேண்டும். மற்றப் பாதியைத் தொடக்கூடாது. வழித்த பாதி தானாக வளர்ந்து நிரவும்வரை அப்படியே திரிய வேண்டும். ஏமாற்றி முழுதாய் வழித்தால் ஊரில் சொல்லுக்கு மரியாதை இல்லாத ஆள் என்று பெயர் எடுக்க வேண்டியதுதான்.

முடிவு வந்த இரவு எங்கள் வளவு நிறைய ஆட்கள். முற்றத்தில் கதிரை போட்டு, அதன் மேல் றேடியோவை வைத்தார்கள். ஒரு தொகுதி முடிவு சொல்வான், பிறகு பாட்டுப் போடுவான், பிறகு அடுத்த தொகுதி. பாட்டு வந்தால் எல்லாரும் கதைப்பார்கள், குரல் வந்தால் அப்படியே அடங்குவார்கள். கோப்பி சட்டி சட்டியாகப் போனது. நான் மாமாவின் காலடியில் இருந்தேன். மாமா வெல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. தோற்றால் அந்த மீசையில் பாதி போய்விடுமே.

அம்மா மட்டும் முற்றத்துக்கு வரவில்லை. எங்கள் கிணறு நாலு வீட்டுக்குப் பங்கு. ஒழுங்கை ஓரமாக இருந்தது. அந்த நேரம் துலாக் கிரீச்சிடும் சத்தம் விடாமல் கேட்டது. அம்மா குடம் குடமாகக் கொண்டுவந்து கிடாரத்தையும் அண்டாவையும் நிரப்பிக்கொண்டிருந்தார். கடையில் பாணும் மண்ணெண்ணெயும் பகலே வாங்கி வைத்தாகிவிட்டது.

"அக்கா, வெல்லப்போறது நாங்கள். நீ ஏன் தண்ணி நிரப்புறாய்?" என்று மாமா கேட்டார்.

"வெண்டால் என்ன, தோத்தால் என்ன, விடிய ஊரடங்கு எண்டுவாங்கள். பேந்து கிணத்தடிக்குப் போகேலாது," என்றார் அம்மா.

"அக்காவின்ரை முதல் வாக்கு எப்பவும் பயத்துக்குத்தான்," என்றார் மாமா. முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்.

எங்கள் தொகுதி முடிவு வந்தது. மாமாவின் ஆள் வென்றார். சிவப்புக் கட்சிக்காரருக்குக் கட்டுக்காசு போய்விட்டது. சீனவெடிப் புகைக்குள் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் ஓடினார்.

காலமை சந்திச் சலூனில் திருவிழாக் கூட்டம். கந்தோர் அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி வந்து கதிரையில் ஏறியிருந்தார். சலூன்காரருக்கே மனம் கேட்கவில்லை. "விடுவமோ அண்ணை? பெடியன் கந்தோருக்குப் போறவன்," என்று மாமாவைப் பார்த்தார். மாமா விடவில்லை. "சொன்ன சொல்லு சொல்லுத்தான். வழி," என்றார்.

"வழியுங்கோ, வழியுங்கோ. கொள்கைக்கு மீசை முளைக்கிறேல்லை," என்றார் அண்ணை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். பாதி மீசையோடு எழும்பி அண்ணை எங்களைக் கும்பிட்டார். சிரித்தார்தான். ஆனால் வீட்டுக்குப் போகும்போது துவாயால் வாயை மூடிக்கொண்டு போனதை நான் கண்டேன்.

ஊரடங்கு வரவில்லை. அம்மா நிரப்பிய தண்ணீரை மூன்றாம் நாள் வாழையடியில் ஊற்றினார். அதற்கும் ஒரு பகிடி.

பாதி மீசையோடு கொழும்புக் கந்தோருக்குப் போக அண்ணைக்கு முகமில்லை. காய்ச்சல் என்று தந்தி அடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வாசலுக்கும் வரமாட்டார். அவருடைய தாய் வேலியால் எட்டி எங்கள் வீட்டைத் திட்டுவார். "பெடியன்ரை வேலை போனால் உங்கட மீசையே சோறு போடும்?"

மாமாவும் ஒரு கிழமை நின்று போகலாம் என்றுதான் இருந்தார். அம்மாதான் விடவில்லை. தண்ணீர் நிரப்பின அதே அம்மா. "கடையைப் பெடியனிட்டை விட்டுட்டு எத்தினை நாளைக்கு நிப்பாய்? பூட்டிக் கிடந்தால் வாடிக்கை போயிடும். அதுதான் வெண்டாச்சே. இனி என்ன?" என்று புட்டும் முட்டைப் பொரியலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். மாமா கண்ணாடியைப் பார்த்து மீசைக்கு எண்ணெய் போட்டு நுனியை முறுக்கினார். றேடியோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். நான் கை காட்டினேன். அவர் மீசையைத் தடவிக் காட்டினார்.

பேந்து ஒரு மாதம்கூட இல்லை.

றேடியோ மாமாவோடு போய்விட்டதால் செய்தி எங்களுக்குச் சந்தியிலிருந்துதான் வந்தது. தெற்கே தமிழாட்களை அடிக்கிறார்கள் என்றார்கள். கடைகளை எரிக்கிறார்களாம். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர் சொன்னார்கள். மாமாவின் பட்டினத்தின் பெயரும் அதற்குள் வந்தது. அம்மா அடுப்படியில் இருந்துகொண்டு, "நான்தானே போகச் சொன்னனான்," என்று ஒரு முறைதான் சொன்னார். பிறகு அவர் கிணற்றடிக்கும் போகவில்லை. அந்த நாட்களில் தண்ணீர் அள்ளியது அப்பா.

அப்போது வீட்டைவிட்டு வெளியே வந்தது கந்தோர் அண்ணை. மீசை இன்னும் சரியாக நிரவவில்லை. ஒரு பக்கம் கறுப்பு, மற்றப் பக்கம் புல்லு மாதிரி. துவாய் இல்லை, ஒன்றுமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் படலையடியில் வந்து நின்று, "அக்கா, ஸ்ரேசனுக்குப் போய்ப் பாத்துக்கொண்டு வாறன். இவனையும் கொண்டு போறன். எனக்கு முந்தி இவன் கண்டுபிடிப்பான்," என்றார்.

ஒவ்வொரு பின்னேரமும் போனோம். நான் சைக்கிள் பாரில். ரயிலில் இறங்கி வந்தவர்களை இப்போது நினைத்தாலும் எழுத மனம் வருகுதில்லை. ஒரு செருப்போடு வந்தார்கள். தலையில் கட்டோடு வந்தார்கள். ஒரு அம்மா அம்மிக்குழவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். ஓடும்போது கையில் அகப்பட்டது அதுதானாக்கும். அண்ணை ஒவ்வொருவரிடமும் மாமாவின் ஊரைச் சொல்லிக் கேட்டார். அவருடைய கோண மீசையைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பெரிய மீசைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு மீசையும் வரவில்லை.

பிறகு ரயிலும் நின்றது. கப்பலில் ஆட்களை ஏற்றி வந்து காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து பள்ளிக்கூடங்களில் விட்டார்கள். அண்ணையும் நானும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனோம். வியர்வையும் பருப்பு அவிகிற மணமும். நான் ஆட்களுக்குள் புகுந்து மீசை மீசையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

கட்டைச் சாரம் கட்டிய ஒரு ஆள் என் தலையில் கை வைத்தார். மேல் உதட்டில் காய்ந்த வெட்டுக் காயம். நான் பயந்து விலகினேன்.

"மருமோன்," என்றார்.

குரல் மாமாவின் குரல். முகம் வேறு யாருடையதோ. மீசையில்லாத அந்த மேல் உதட்டை நான் அதுவரை கண்டதேயில்லை. அது சின்னப் பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. நான் அழத் தொடங்கினேன். பின்னால் வந்த அண்ணை மாமாவைப் பார்த்தார். பார்த்தவர், வளர்ந்து வந்த தன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். வென்றவருக்கு மீசை இல்லை, தோற்றவருக்கு இருந்தது.

மாமா அன்றைக்குச் சொன்னது கொஞ்சம்தான். "கடை முழுக்கப் போச்சு. பக்கத்து பேக்கரிக்காரன் என்னை மாப்பெட்டிக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சவன். மீசை இருந்தால் ஆரெண்டு தெரிஞ்சிடும் எண்டு அவன்ரை பெண்சாதிதான் வழிச்சு விட்டவ. அவவின்ரை கை நடுங்கிப்போட்டுது." காயத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "றேடியோவை எடுக்கேலாமல் போச்சு, மருமோன்," என்றார். நான் றேடியோவுக்காக அழுகிறேன் என்று நினைத்தாராக்கும்.

கந்தோர் அண்ணையின் கொழும்பு அறையையும் உடைத்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. பாதி மீசைதான் அவரை வீட்டில் பிடித்து வைத்தது. எங்களை வேலியால் திட்டின அவருடைய தாய் ஒரு கடகம் முருங்கைக்காயோடு வந்து மாமாவுக்கு முன்னால் வைத்து, "நீ அண்டைக்கு விட்டுக்குடுத்திருந்தால் என்ரை பிள்ளை போயிருப்பான் ராசா," என்று அழுதார். மாமாவின் கை தானாக மேல் உதட்டுக்குப் போனது. முறுக்க அங்கே ஒன்றுமில்லை.

மாமா பிறகு மீசை வைக்கவேயில்லை. எங்கள் தோட்டத்தில் அப்பாவோடு வெங்காயம் நட்டார். அடுத்தடுத்த தேர்தல்களில் முடிவு சொல்லும் இரவென்றால் வேளைக்கே படுத்துவிடுவார். அம்மா தண்ணீர் நிரப்புவார். ஒருவரும் சிரிப்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் பெரியவர்கள், தொகுதியை வென்றதை நாட்டை வென்றதாக நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அவ்வளவு சந்தோசமாக இருந்த ஒரு இரவை அவர்களுக்கு அதற்கு முதலும் தெரியாது, பிறகும் தெரியாது. என் பிழை வேறு மாதிரி. நான் அந்த ஒரு ஆடி மாதத்தை முப்பது வருடமாக இந்த ஊரில் வைத்துக்கொண்டிருக்கிறேன். யார் வென்றாலும் பாண் வாங்குகிறேன். பிள்ளைகள் துள்ளினால் எனக்குச் சீனவெடி மணக்கிறது. பாதி முகம் வழித்த ஒரு பெடியன் இந்த வீட்டுப் படியால் இறங்கிப் போவதைப் பார்க்க எனக்கு ஏலாது, மகளே. அவனுக்கு அது வெறும் தாடி என்று தெரியும். இருந்தும் ஏலாது. வென்றவர்கள் பெட்டி கட்டுவதைப் பார்க்கவும் ஏலாது.

அன்றிரவு நீ கோபத்தோடு போய்ப் படுத்தாய். சின்னவன் காதில் எதையோ செருகிக்கொண்டு தூங்கிவிட்டான். உங்கள் அம்மாவும் படுத்தாயிற்று. நான் டிவியை நிறுத்தினேன். வாசலில் சப்பாத்து மலை கரைந்து எங்கள் நாலு சோடி மட்டும் கிடந்தது. வெளியே பார்த்தேன். றோட்டில் ஒருவன் நாயைக் கூட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான். தெருவிளக்கு எரிந்தது. டெப்பனர் திறந்திருந்தது.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பையிலிருந்த ட்ரிம்மரை எடுத்துக் கண்ணாடித் தட்டில், அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தேன். தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு வாளிக்காவது எடுத்து வைப்போமா என்று கை வாளிக்குப் போனது. எடுக்கவில்லை. முழங்கை நனையக் கையை விட்டு மூடியை இழுத்தேன்.

இங்கே வாழையடி இல்லை. தண்ணீர் சுழன்று சுழன்று, கீழ்வீட்டுக் கிழவிக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு போனது. முழுக்கப் போகும்வரை தொட்டி விளிம்பில் இருந்தேன். பிறகு தொட்டியைத் துணியால் துடைத்தேன். நீ விடிய முழுகுவாய் என்று உன் துவாயை எடுத்துக் கொளுவியில் போட்டுவிட்டு லைட்டை அணைத்தேன்.